பழைய காடியில் புது பிளேயர் மாட்டுவது: கஞ்சில், சாகா, மைவி வைத்திருப்போருக்கு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கஞ்சில், வீரா, பழைய சாகா, முதல் மைவி பலவற்றில் எஞ்சினுக்கு இருக்கும் தெம்பு ரேடியோவுக்கு இல்லை. கேசட் பெல்ட் இளகிப்போயிருக்கும். சிடி லென்ஸில் செம்மண் தூசி ஏறி, போட்ட தட்டை வெளியே துப்பும். இப்படிப்பட்ட காடியில் புது பிளேயர் மாட்டுவது ஒரு ஞாயிறு காலையில், லயத்து வாசலிலேயே முடிகிற வேலைதான். முதல்முறை செய்பவருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

இந்த வேலையில் கெடுவதற்கு அதிக இடமில்லை. பிளேயர் புகைவது, மறுநாள் காலை காடி ஸ்டார்ட் ஆகாமல் போவது, நேரமும் ஸ்டேஷனும் தினமும் அழிவது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று வயர்களில்தான் தொடங்குகின்றன. அதனால் அந்த மூன்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஸ்குரூ கழற்றுவதை யாரும் பார்த்தே செய்துவிடலாம்.

எந்த பிளேயர் வாங்குவது

வாங்கும் முன் டேஷ்போர்டில் உள்ள ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். ரேடியோ ஓட்டையின் அளவை டின் (DIN) என்பார்கள். ஒற்றை டின் என்பது ஏறக்குறைய 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். டொயோட்டா, டைஹட்சு வழியில் வந்த காடிகளில் ஓட்டை 200 மி.மீ. அகலமாக இருக்கும். பெரோடுவா காடிகள் டைஹட்சு வடிவமைப்பில் வந்தவை என்பதால் அவை பலவற்றிலும் இதே கதைதான். அந்த ஓட்டையில் 180 மி.மீ. பிளேயரைப் போட்டால் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு இடைவெளி தெரியும். அதை மூட இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன. பிளேயரோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.

9 அங்குலத் திரை வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே செய்த கேசிங் வேண்டும். மைவி என்று மட்டும் சொன்னால் போதாது. 2005 முதல் 2011 வரை வந்தது ஒன்று, 2011 முதல் 2017 வரை வந்தது இன்னொன்று, அதற்குப் பின் வந்தது மூன்றாவது. ஒன்றின் கேசிங் மற்றதில் உட்காராது. 2011இல் பதிவான காடியாக இருந்தால் ஆண்டை நம்பாமல் டேஷ்போர்டைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள்.

கஞ்சிலுக்கும் பழைய சாகாவுக்கும் எங்கள் பரிந்துரை ஒற்றை டின் அளவில் வரும், யுஎஸ்பியும் புளூடூத்தும் உள்ள பிளேயர்தான். சிடி இயந்திரம் இல்லாததால் உடம்பு குட்டையாக இருக்கும், பின்னால் வயர்களை மடித்து வைக்க இடம் கிடைக்கும், மின்சாரமும் குறைவாக இழுக்கும். 9 அங்குலத் திரையைக் கஞ்சிலில் பொருத்த வேண்டுமென்றால் டேஷ்போர்டை அறுக்க வேண்டிவரும். காற்று வரும் வழியை மறைத்து ஒரு திரை தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்ட் பிளேயர் என்றால் 2 ஜிபி ராம் குறைந்தபட்சம். வரைபடமும் பாட்டும் ஒன்றாக ஓடும்போது அதற்குக் குறைந்தது திணறும். மலிவு விலையில் "8 ஜிபி ராம்" என்று விற்பவற்றில் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எண்ணே பொய்யாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. அதனால் மாட்டி முடிக்கும் முன்பே வயரை மட்டும் இணைத்து, வரைபடம், பாட்டு, புளூடூத் மூன்றையும் கால் மணி நேரம் ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். திணறினால் கீறல் படுவதற்கு முன் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெட்டியில் "4 × 50 வாட்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது காடியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்ட்டேஜ் முழுவதும் இடைவிடாமல் நின்றால் 14.4 × 14.4 ÷ 4, அதாவது ஏறக்குறைய 52 வாட். ஆனால் அப்படி வருவது பாட்டாக இருக்காது, வெறும் கரகரப்பு. சுத்தமான ஒலியலையாக அதே வோல்ட்டேஜில் ஏறக்குறைய 26 வாட்டுக்கு மேல் எந்த பிளேயராலும் தர முடியாது. நடப்பில் அதற்கும் குறைவு. 50 என்ற எண் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுவே காரணம்.

சேர்த்து வாங்க வேண்டியவை

காடியின் சாக்கெட்டையும் புது பிளேயரின் சாக்கெட்டையும் இணைக்கும் மாற்று வயர்தான் முதல் பொருள். "பிளக் அண்ட் பிளே சாக்கெட்" என்று கேட்டால் கடையில் தெரியும். இது இருந்தால் கம்பெனி வயரை வெட்ட வேண்டியதில்லை. நாளைக்குக் காடியை விற்கும்போது பழைய ரேடியோவை அப்படியே திருப்பி மாட்டலாம். ஒரு சாக்கெட் வயருக்குச் சில வெள்ளி மிச்சம் பிடிக்க நினைத்து வயரை வெட்டுவதுபோல் வருத்தப்பட வைக்கும் வேலை இதில் வேறொன்றுமில்லை.

மற்றவை: மல்டிமீட்டர் (ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணமானது போதும்), 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று இரண்டு வயர் பிடித்தது, நட்சத்திர முனை ஸ்குரூடிரைவர், பேட்டரிக்கு 10 நம்பர் ஸ்பேனர், கிளிப் நெம்ப பிளாஸ்டிக் தகடு, சூட்டில் சுருங்கும் குழாய், துணி டேப், கேபிள் டை, 10 மற்றும் 15 ஆம்பியர் பியூஸ் இரண்டிரண்டு, ஒரு டபுள் ஏ பேட்டரி. பிளாஸ்டிக் தகடு இல்லையென்றால் ஸ்குரூடிரைவர் முனையில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் இரும்பு பட்டால் அந்த வடு போகாது.

பழையதைக் கழற்றுவது

முதலில் பழைய ரேடியோ, விளக்கு, ஹார்ன், ஏசி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது ஓடாவிட்டால், அது முன்பே இருந்த பழுதா நாம் செய்ததா என்று தெரியும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் கறுப்பு, அதாவது நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் உடம்பில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள காடியில் நெகட்டிவைக் கழற்றியபின் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் சாக்கெட் எங்கே தெரிந்தாலும் அது ஏர்பேக் வயர். அதை அவிழ்க்கவோ மீட்டர் முனையால் குத்தவோ கூடாது.

பெரோடுவா, புரோட்டோன் பெரும்பாலானவற்றில் ரேடியோவைச் சுற்றியுள்ள பலகை கிளிப்பில் நிற்கிறது. கீழ் ஓரத்தில் தகட்டை நுழைத்து, இரண்டு கையாலும் நேராக உங்கள் பக்கம் இழுங்கள். ஒரு பக்கம் வராமல் அடம்பிடித்தால் பலம் கொடுக்காமல் மறைந்திருக்கும் ஸ்குரூவைத் தேடுங்கள். ஆஷ்டிரேக்குப் பின்னால், ஏசி திருகுகளுக்கு அடியில், ஹஸார்ட் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பது வழக்கம். பல வருடம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும். உச்சி வெயிலில் இல்லாமல் காலை பத்து மணி வாக்கில், பலகை கொஞ்சம் சூடேறி இளகியிருக்கும்போது இழுத்தால் கிளிப் உடைவது குறையும். பலகை கையோடு வந்ததும் ஹஸார்ட், கடிகாரம் ஆகியவற்றின் வயர் பின்னால் பிடித்திருக்கும். சாக்கெட்டின் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ரேடியோவின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து நான்கு ஸ்குரூ இருக்கும். கழற்றி வெளியே இழுத்தால் தடித்த ஆன்டெனா பிளக்கும் சாக்கெட்டுகளும் வரும். எதையும் உருவும் முன் கைப்பேசியில் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். கடையில் வாங்கி வந்த மாற்று வயர் பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள்.

மூன்று வயரைக் கண்டுபிடிப்பது

புது பிளேயரோடு வரும் வயர்களுக்குப் பெரும்பாலும் ஒரே நிற ஒழுங்கு உண்டு:

மஞ்சள்: எப்போதும் 12 வோல்ட். நேரமும் ஸ்டேஷனும் நினைவில் நிற்பதும், ஒலிக்கான முழு சக்தியும் இதன் வழிதான்.
சிவப்பு: சாவி ஏசிசிக்கு (ACC, எஞ்சின் ஓடாமலே ரேடியோ ஓடும் நிலை) திரும்பியதும் வரும் 12 வோல்ட். பிளேயரை எழுப்பவும் தூங்க வைக்கவும் மட்டுமே.
கறுப்பு: எர்த், அதாவது காடி உடம்பின் வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு.
ஆரஞ்சு: விளக்கு போட்டதும் திரை மங்க.
நீலம்: ஆன்டெனாவுக்கு மின்சாரம். நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆம்பிளிஃபையரை எழுப்ப.
வெள்ளை ஜோடி முன் இடது, சாம்பல் ஜோடி முன் வலது, பச்சை ஜோடி பின் இடது, ஊதா ஜோடி பின் வலது. ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்.

இந்த ஒழுங்கு பிளேயரின் வயருக்கு மட்டும். காடியின் கம்பெனி வயருக்கு இதற்கும் சம்பந்தமே இல்லை. டொயோட்டாவின் பழைய வயரிங்கைப் பாருங்கள்: அதில் எப்போதும் மின்சாரம் வருவது நீலத்தில் மஞ்சள் கோடு, ஏசிசி சாம்பல், எர்த் பழுப்பு. கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கரின் இரண்டு வயர்கள். சிவப்பு, பின் வலது ஸ்பீக்கருக்குப் போகிறது. நிறத்துக்கு நிறம் முடிச்சுப் போடுபவர் பிளேயரின் மஞ்சளையும் கறுப்பையும் ஸ்பீக்கரில் கொண்டுபோய் மாட்டுகிறார். அதன்பின் பிளேயர் ஏன் எழவில்லை என்று தேடி, அங்கே இங்கே 12 வோல்ட்டைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் பிளேயருக்குள் இருக்கும் ஐசி சில்லு கருகிப்போகிறது. மாற்று சாக்கெட் வாங்கியிருந்தாலும், வேறு மாடலுக்குரியதைத் தவறாகக் கொடுத்திருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் பிளேயரைச் செருகாதீர்கள்.

பார்க்கும் முறை இது. பேட்டரி நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள். காடியின் சாக்கெட் எதையும் தொடாமல் தொங்கட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, அதன் கறுப்பு முனையை டேஷ்போர்டுக்குப் பின்னால் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் அழுத்துங்கள். சாவி இல்லாத நிலையில் சாக்கெட்டின் ஒவ்வோர் ஊசியையும் சிவப்பு முனையால் தொட்டுப் பாருங்கள். 12.4 முதல் 12.7 வரை காட்டும் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது. துணி டேப்பில் "மஞ்சள்" என்று எழுதி ஒட்டுங்கள். இப்போது சாவியை ஏசிசிக்குத் திருப்புங்கள். புதிதாக 12 வோல்ட் காட்டுவது "சிவப்பு". சாவியைத் திருப்பி எடுத்ததும் அது பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். பிறகு பார்க் விளக்கைப் போடுங்கள். இன்னும் ஒன்று புதிதாக வந்தால் அது "ஆரஞ்சு".

எர்த் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துருப்பிடித்த எர்த் வயரை வைத்து அளந்தாலும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. பல்பை எடுத்து ஒரு வயரை "மஞ்சளிலும்" மற்றதை எர்த் என்று நினைக்கும் வயரிலும் தொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் நல்லது. மங்கினால் அந்த வயரை விட்டுவிட்டு, பிளேயரின் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள இரும்புச் சட்டத்தின் ஒரு போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ரிங் முனை போட்டு முடுக்குங்கள். இதே பல்பு சோதனையை "சிவப்பு" வயருக்கும் செய்யுங்கள்.

சில பழைய காடிகளில் முன்பே யாரோ சாக்கெட்டை வெட்டிக் கண்டபடி முறுக்கி வைத்திருப்பார்கள். ஏசிசி வயரே கிடைக்காது. அப்போது சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற பழக்கம் உண்டு. அப்படிச் சேர்த்தால் பிளேயர் தூங்கவே தூங்காது. திரை அணைந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்ட் பிளேயர் ஒரு ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சில், மைவியில் இருக்கும் என்எஸ்40 பேட்டரி 35 ஆம்பியர் மணிதான். இரவு எட்டுக்கு நிறுத்தினால் காலை எட்டுக்குள் 12 போய்விடும். வயதான பேட்டரியில் அதுவே போதும், காலையில் காடியைத் தள்ளிவிட ஆள் தேட வேண்டிவரும். ஏசிசி கிடைக்காவிட்டால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பின்னால் இருந்தோ, பியூஸ் பெட்டியில் ஏசிசியோடு மட்டும் வரும் ஒரு பியூஸின் இடத்தில் பியூஸ் டேப் (fuse tap) எனப்படும் கிளை முனையைச் செருகியோ மின்சாரம் எடுங்கள். பேட்டரியிலிருந்து சுவிட்ச் வைத்துத் தனி வயர் இழுக்கும் யோசனை வேண்டாம். ஒருநாள் அணைக்க மறந்துவிடுவோம்.

ஸ்பீக்கர் வயர்களைப் பார்க்கும்போது பேட்டரியைத் திரும்பக் கழற்றிவிடுங்கள். சந்தேகப்படும் ஜோடியில் டபுள் ஏ பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். எந்தக் கதவில் "டொக்" என்று சத்தம் வருகிறதோ அதுவே அந்த ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் தாள்) வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் பட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். மீட்டரில் அந்த ஜோடி 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் காடி உடம்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். எந்த இணைப்பும் காட்டக் கூடாது. இன்றைய பிளேயர்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரிலும் சத்தம் ஓடுகிறது. அதை எர்த்தில் சேர்த்தால் பிளேயர் தன்னைக் காத்துக்கொள்ள அணையும், அல்லது கருகும். மிகப் பழைய காடிகளில் எல்லா ஸ்பீக்கரின் நெகட்டிவையும் ஒன்றாக்கி எர்த்தில் விட்டிருப்பார்கள். அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஜோடி வயர் புதிதாக இழுப்பது தவிர வேறு வழியில்லை.

வயரை இணைப்பது

முறுக்கி டேப் சுற்றி விடுவது இந்த வெயிலுக்கு ஆகாது. நிழலில்லாத இடத்தில் நின்ற காடியின் டேஷ்போர்டுக்குள் பிசின் உருகி டேப் வழுக்கிவிடும். பிறகு அதிர்வில் இரண்டு வயர் ஒன்றையொன்று தொடும். ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போடுங்கள். குழாயை வயரில் முதலிலேயே நுழைத்துக்கொள்ள மறக்காதீர்கள். ஈயம் தெரியாதவர்கள் நல்ல கிரிம்ப் முனை போடலாம், போட்டபின் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி வைத்தால், ஒரு குழாய் கிழிந்தாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது. பயன்படுத்தாத ஒவ்வொரு வயரின் முனையையும் தனித்தனியாக மூடுங்கள். கொத்தாகச் சேர்த்துச் சுற்றாதீர்கள்.

பியூஸ் பெரும்பாலும் பிளேயரின் பின்னாலேயே 10 அல்லது 15 ஆம்பியரில் இருக்கும். அது எரிந்தால் அதே அளவுதான் போட வேண்டும். 15 எரிந்துவிட்டதே என்று 30 போட்டால் அடுத்து எரிவது காடியின் வயர்.

ரிவர்ஸ் கேமரா போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: கேமராவுக்கு மின்சாரம் பின் ரிவர்ஸ் பல்பிலிருந்து எடுக்கப்படும். ஆனால் பிளேயருக்கும் கியர் பின்னுக்குப் போனது தெரிய வேண்டும். வீடியோ வயரோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு வயர் அதற்குத்தான். அதன் ஒரு முனை பல்பிலும் மறுமுனை பிளேயரின் ரிவர்ஸ் வயரிலும் சேர வேண்டும். படமே வரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்த வயரை விட்டிருப்பார்கள்.

ஹேண்ட்பிரேக் வயரை எர்த்தில் சேர்த்து, ஓடும்போதும் படம் பார்க்கும்படி செய்து தரக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். வளைவைத் தாண்டி செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும் சாலையில் ஓட்டுநரின் கண் திரைக்குப் போகக் கூடாது. அந்த வயர் ஹேண்ட்பிரேக் சுவிட்சுக்குத்தான் போக வேண்டும்.

ஆன்டெனாவும் எஃப்எம்மும்

தோட்டத்துக்குள் சிக்னல் ஏற்கெனவே மெலிவு. அதனால் இங்கே ஒரு சின்னத் தவறும் உடனே கேட்கும். ஆன்டெனா பிளக் பிளேயருக்குள் கடைசி வரை நுழைந்ததா என்று முதலில் பாருங்கள். பாதி நுழைந்தால் பக்கத்து ஸ்டேஷன் மட்டும் கேட்கும். பூஸ்டர் உள்ள ஆன்டெனாவாக இருந்தால் நீல வயரில் மின்சாரம் போனால்தான் அது வேலை செய்யும். பழைய ரேடியோவில் தெளிவாகக் கேட்ட மின்னல் எஃப்எம் புதியதில் இரைச்சலாக வந்தால், முதல் சந்தேகம் இந்த நீல வயர் மீது. ஆனால் ஆம்பிளிஃபையரை இதில் சேர்க்காதீர்கள். சில பிளேயர்களில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் நீலத்தில் மின்சாரம் இருக்கும். யுஎஸ்பிக்கு மாற்றியதும் ஆம்பிளிஃபையர் அணைந்துவிடும். அதற்கு வெள்ளைக் கோடு உள்ள நீலம்.

ஜப்பானில் ஓடி, பிறகு இங்கே இறக்குமதியான ரிகான் காடியாக இருந்தால் இன்னொன்று உண்டு. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. நம் 87.5 முதல் 108 வரையுள்ள ஸ்டேஷன்களில் பலவற்றை அந்த ரேடியோ எடுக்காது. அதனால் ஆன்டெனா வயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு அலைவரிசை மாற்றியைப் போட்டிருப்பார்கள். புது பிளேயர் மாட்டும்போது அதைக் கழற்றி, ஆன்டெனாவை நேராகச் செருகுங்கள். அப்படியே விட்டால் எல்லா ஸ்டேஷனும் தப்பான எண்ணில் வரும், பாதி வரவே வராது.

செட்டிங்ஸில் ரேடியோ பிரதேசம் அமெரிக்கா என்று இருந்தால் ஆசியா அல்லது ஐரோப்பாவுக்கு மாற்றுங்கள். அமெரிக்க முறையில் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைத் தசமங்களை மட்டுமே தொட்டுப் போகும். இரட்டைப்படையில் இருக்கும் ஸ்டேஷன்கள் மாட்டாது. ஒரே நிலையத்துக்கு ஊருக்கு ஊர் அலைவரிசை வேறு. கோலாலம்பூரில் மின்னல் 96.3, ராகா 99.3. ஈப்போ பக்கம் எண்கள் மாறும். முதல் வரிசையில் உள்ளூர் எண்களையும் இரண்டாவது வரிசையில் கோலாலம்பூர் எண்களையும் பதிந்து வைத்தால் நெடுஞ்சாலையில் தேட வேண்டியதில்லை.

உள்ளே பொருத்துவது

பலகையை மூடும் முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்: பேலன்ஸை இடம், வலம், முன், பின் தள்ளி ஒவ்வொரு ஸ்பீக்கரும் சரியான மூலையில் வருகிறதா, சாவியை எடுத்தால் அணைகிறதா, திரும்பப் போட்டால் ஸ்டேஷன் நினைவில் இருக்கிறதா. முதல்முறை சாவி திருப்பும்போது சத்தம் குறைவாக இருக்கட்டும்.

பிளேயரோடு வந்த குட்டை ஸ்குரூவையே பயன்படுத்துங்கள். 5 மி.மீ. தடிமனில் 8 மி.மீ. நீளத்துக்கு மேல் போட்டால் முனை உள்ளே போய் போர்டை அழுத்தும். பக்கத் தகடு இரண்டு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். செம்பனைக் காட்டு மண் சாலையில் தினம் குலுங்கும் காடிக்குப் பிளேயரின் பின்புறத்தையும் ஓட்டை போட்ட இரும்புப் பட்டையால் டேஷ்போர்டுச் சட்டத்தில் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு எடையும் முன்பக்க கிளிப்பில் தொங்கி, சில மாதத்தில் கேசிங் கீச்சிடும், பின் வெடிக்கும். வயர்க் கட்டைத் துணி டேப்பால் சுற்றினால் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தமும் வராது. ஏசி திருகுக் கம்பிகள் அசையும் வழியில் வயர் போகக் கூடாது. பிளேயரைத் தள்ளும்போது முழுதாக உள்ளே போகாவிட்டால் அழுத்தாதீர்கள். பின்னால் சாக்கெட் மடங்கி நிற்கும். வெளியே இழுத்து, வயரைக் கீழ்ப்பக்க வெற்றிடத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள்.

புளூடூத் மைக்கை ஏசி காற்று படாத இடத்தில், ஓட்டுநர் பக்கக் கண்ணாடித் தூண் ஓரமாக ஒட்டுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனா டேஷ்போர்டின் மேல்பகுதியில், கண்ணாடிக்கு அடியில், மேல்முகம் வானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். அதன்மேல் இரும்பு எதுவும் கூடாது. தோட்டத்துக்குள் கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், பேராக் முழுவதற்குமான வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி பென்டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஒற்றை டின் பிளேயர்கள் பல, வேறு முறையில் உள்ளதைப் படிக்காது. அவற்றின் சின்னத் திரையில் தமிழ் எழுத்தும் வராது, கட்டங்கள்தான் தெரியும். கோப்புறைகளுக்கு "01", "02" என்று எண் கொடுத்து, எது பக்திப் பாட்டு, எது பழைய பாட்டு என்று நினைவில் வைத்துக்கொள்வதே எளிது. பல பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடாமல், பென்டிரைவில் எந்த வரிசையில் காப்பி ஆனதோ அந்த வரிசையிலேயே பாடும். கோப்புறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பி செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் இந்தத் தொல்லைகள் இல்லை, தமிழும் ஒழுங்காகத் தெரியும்.

வரக்கூடிய கோளாறுகள்

ஒவ்வொரு முறை அணைத்ததும் நேரமும் ஸ்டேஷனும் அழிந்தால், மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. மாற்று சாக்கெட்டிலேயே அவ்விரண்டும் மாறி வருவதும் உண்டு. சில சாக்கெட்டுகளில் அதற்காகவே நடுவில் கழற்றி மாற்றிச் செருகும் முனை வைத்திருப்பார்கள்.

பாட்டு வருகிறது, ஆனால் அடித்தொனியே இல்லை, பாடகர் குரல் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருக்கிறது என்றால் ஒரு ஸ்பீக்கரின் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கின்றன. ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பேலன்ஸை ஒரு பக்கம் முழுதாகத் தள்ளினால் அடித்தொனி திரும்ப வரும். அதுவே அடையாளம்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "வீங்" சத்தம் எர்த் கோளாறு. கறுப்பு வயரை நல்ல போல்ட்டுக்கு மாற்றுங்கள். கைப்பேசியைச் சார்ஜில் போட்டு ஆக்ஸ் வயரில் பாடவிடும்போது மட்டும் வந்தால் பிளேயரில் குறையில்லை. புளூடூத்துக்கு மாறினால் நின்றுவிடும்.

குழியில் இறங்கும்போது மட்டும் சத்தம் நின்று வந்தால் கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாயைப் பாருங்கள். பல ஆயிரம் தடவை கதவு திறந்து மூடி, உள்ளே வயர் அறுந்திருக்கும். அறுந்த முனை இரும்பைத் தொட்டால் பிளேயர் "புரொடெக்ட்" என்று காட்டி நிற்கும்.

கடைசி வேலையாக, பூட்டிய காடி எவ்வளவு மின்சாரம் கசிய விடுகிறது என்று பாருங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கறுப்புக் கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். கதவெல்லாம் மூடி, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். இந்த நேரத்தில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். 50 மில்லியம்பியருக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 இருந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி, தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் காடியை விட்டு வந்தால் ஏறக்குறைய 17, அதாவது மைவி பேட்டரியில் பாதி. அப்போது பிளேயரின் பியூஸைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் காரணம் பிளேயர்தான். ஆண்ட்ராய்ட் செட்டிங்ஸில் தூங்கும் நேரத்தைக் குறைத்து, சாவி எடுத்த சில நிமிடத்தில் முழுதாக அணையும்படி வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் திரை எழ அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.